மாமனாரின் அளவுக் கயிறு

மாமனாரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியபோது நல்ல வெயில். முன்பக்கம் இறுதிச் சடங்கு நிலையம், பின்பக்கம் சவப்பெட்டிப் பட்டறை, மாடியில் நாங்கள். என் கணவரின் தாத்தா ஆரம்பித்த தொழில். பூட்டிக் கிடந்த பட்டறையைத் திறந்தேன். மரத்தூள் வாசனையோடு மாமனார் முழங்காலுக்குத் தேய்க்கும் தைல வாசனையும் முகத்தில் அடித்தது.

ஆணியில் கயிறு தொங்கியது.

மாமனாரை அளந்த கயிறு.

எங்கள் பட்டறையில் பெட்டி செய்ய இறந்தவரை டேப்பால் அளக்கமாட்டார்கள். கயிற்றின் ஒரு முனையை உச்சந்தலையில் வைத்து, குதிகால் வருமிடத்தில் முடிச்சுப் போடுவார்கள். பெட்டியை மூடுமுன் அந்தக் கயிற்றை அவர் காலடியில் வைத்துவிட வேண்டும். "ஆளு போயி கயிறு தங்கிருச்சுன்னா, அது வேற ஆளை அளக்கும்மா" என்பார் மாமனார்.

அவர் சிரித்துப் பேசியது ஒரே விஷயத்தில்தான். நான் குள்ளம். கல்யாணமாகி வந்த அன்றே என்னை ஏற இறங்கப் பார்த்து, "பரவாயில்ல, பலகை மிச்சம்" என்றார். சாகிறவரை அதையே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏங்க, மாமா கயித்தை நீங்க வைக்கலையா?"

கணவர் முகம் வெளுத்தது. "நீ வச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க போங்க! நான் உங்களை நம்பிட்டிருந்தேன்."

சாயங்காலமே போய்க் கல்லறையின் ஈர மண்ணைக் கிளறி அதைப் புதைத்தோம். "மன்னிச்சிருங்கப்பா" என்று கணவர் விக்கி விக்கி அழுதார்.

விடிந்ததும் பட்டறைக்குப் போனோம். கயிறு ஆணியில் இருந்தது. மண் ஒட்டியிருந்தது.

முடிச்சு மேலே ஏறியிருந்தது.

கணவர் அதைத் தன் தலையில் வைத்துப் பார்த்தார். முடிச்சு முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. "அப்பாடா, நான் இல்ல" என்று மூச்சு விட்டார். நான் வைத்துப் பார்த்தேன். எனக்கும் குதிகால்வரை வரவில்லை.

"அம்மா, ஜடை பின்னி விடும்மா."

வாசலில் சீப்போடு மகள் நின்றாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஜடை பின்னுகிற சாக்கில் கயிற்றை அவள் முதுகோடு இறக்கினேன். முடிச்சு அவள் குதிகாலைத் தொட்டது.

"என்னம்மா, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஆடாம நில்லு."

அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஜடையை முடிப்பதற்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. கணவர் டாக்டரை அழைத்துவர ஓடினார். அவளை மாடியில் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே பட்டறையில் ஏதோ உரசியது.

சர்ர்ர்.

பலகையில் இழைப்புளி ஓடும் சத்தம்.

பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. தடதடவென்று இறங்கினேன். உள்ளே யாருமில்லை. தைல வாசனை மட்டும் அடித்தது.

"அவ உங்க பேத்தி, மாமா! உங்க மடியில வளர்ந்த புள்ள! உங்களுக்கு மனசே இல்லையா?"

கயிற்றைப் பிடுங்கி முடிச்சை அவிழ்த்தேன். சுவரோடு ஒட்டி நின்று, ஒரு முனையை என் உச்சந்தலையில் அழுத்தி, மறுபக்கத்தைக் கீழே இறக்கினேன். என் குதிகால் வருமிடத்தில் புது முடிச்சுப் போட்டேன். பல்லால் கடித்து இறுக்கினேன். பழையபடி ஆணியில் மாட்டினேன்.

"என்னை எடுத்துக்கோங்க. அவளை விட்டுருங்க."



மாடியிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, பசிக்குது."

ஓடிப்போய் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன். வயிறு நிறையச் சாப்பிட வைத்தேன். பாதியில் விட்ட ஜடையைப் பின்னி முடித்தேன். கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு கீழே வந்து பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். கயிறு ஆணியில் இல்லை.

வேலை மேசையில் புதுப்பலகை அறுத்து இழைத்து வைத்திருந்தது. கயிறு அதன்மேல் நீட்டிக் கிடந்தது. நான் போட்ட முடிச்சு நகரவேயில்லை.

பக்கத்தில், அறுத்தது போக மீந்த துண்டு ஒன்று தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.