ஒரு வார்த்தை சொல்லி வைங்க தம்பி

இன்டர்வியூவுக்குத் தனியாகப் போகிறேன் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அப்பா கேட்கவில்லை. "புது ஊர்ல உன்னத் தனியா அனுப்பிட்டு நாங்க வீட்ல சுவரப் பாத்துட்டு உக்காரணுமா?" என்றார். அப்பா கிளம்பினால் அம்மாவும் கிளம்புவாள். ஆக, பாலம் கட்டும் அந்தக் கம்பெனியின் கண்ணாடிக் கதவுக்குள், கொட்டுகிற மழையில், ஒரு வேலைக்கு மூன்று பேர் நுழைந்தார்கள்.

நுழைந்த வேகத்தில் அவள் குடையை உதறினாள். எதிரே நின்றவனின் சட்டை நனைந்தது... முகம் நனைந்தது... கையிலிருந்த காபியில்கூட நாலு சொட்டு விழுந்தது.

ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "நெட்டையா நடுவழியில நின்னா இப்படித்தான்," என்று தமிழில் முணுமுணுத்தாள்.

"ஓரமா நின்னாலும் நெட்டையாத்தாங்க இருப்பேன்," என்றான் அவன்.

அவளுக்கு அப்படியே வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. மெல்ல நிமிர்ந்தாள். இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருக்க, அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. கோபமே தெரியாத கண்கள்... கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டோமோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது.

அப்பாவுக்கோ புதையல் கிடைத்த மாதிரி. "தம்பி நம்மாளா? இங்கதான் இன்ஜினியரா? நல்லதாப் போச்சு." அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டினார். மகளின் இன்ஜினியரிங் படிப்பை நம்பித்தான் மூன்று பேரும் வந்திருக்கிறார்கள், சொந்த ஊரில் வீட்டைக் காலி செய்தாயிற்று, விசா முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்... கடைசியில் குரலைத் தாழ்த்தி, "உள்ள ஒரு வார்த்தை சொல்லி வைங்க தம்பி," என்றார்.

"அப்பா, பேசாம இருங்க." அவள் முகம் சிவந்துவிட்டது. அவனிடம் திரும்பினாள். "தயவுசெஞ்சு யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாதீங்க. கிடைச்சா என் திறமையில கிடைக்கட்டும்."

"கிடைக்கலைன்னா?"

"திரும்பிப் போறோம். சிபாரிசுல வந்தவள்னு காலம் பூரா பேச்சு கேக்குறதுக்கு அது எவ்வளவோ தேவல."

அவன் சிரிக்கவில்லை. அவளையே ஒரு கணம் பார்த்தான்... பிறகு எழுந்து விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

அவளை இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். ஒரு பாலத்தின் டிராயிங்கை விரித்து, என்ன தோன்றுகிறது என்றார்கள். மழைத்தண்ணீர் குழாய் வழியாகத் தூணின் தலையிலேயே கொட்டுகிறதே, உள்ளே கம்பி துருப்பிடித்துவிடுமே என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுவாரம் வேலை கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பாத்தியா, அந்தத் தம்பி சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டாரு."

அவளுடைய சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. அவ்வளவு சொல்லியுமா... அதற்காகத்தான் எழுந்து ஓடினானா... ஒரு வாரமாக அந்தக் கண்களை நினைத்துக்கொண்டிருந்ததற்குத் தன் மீதே எரிச்சலாக வந்தது.

"அப்படின்னா நான் சேரப் போறதில்ல."

அம்மா அதிர்ந்து போனாள். "ஏண்டி, மூணு பேரு பொழப்பும் அதுல இருக்கு. வீம்பு புடிக்கிற நேரமா இது? முதல்ல அந்தப் பையனையே போய்க் கேளு."

போனாள். அன்றும் மழை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவன் வேலை நடக்கும் இடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். கம்பெனி வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள போய்ச் சொல்லிட்டீங்க, இல்ல?"

"சொன்னேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை. "அப்ப இந்த வேலை எனக்கு வேணாம்."

"என்ன சொன்னேன்னு கேட்டுட்டுக் கோவப்படுங்க. உங்கள இன்டர்வியூ பண்ண வேண்டிய மூணாவது ஆளு நான்தான்."

மறித்து நின்றவள் ஓரடி பின்னுக்கு நகர்ந்தாள்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு. வர்றவங்க நமக்கு வேண்டியவங்களா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போயிடணும். கேள்வியும் கேக்கக் கூடாது, அபிப்பிராயமும் சொல்லக் கூடாது. நான் சொல்லிட்டு வந்துட்டேன். வேலைய நீங்கதான் வாங்கினீங்க."

"நான் உங்களுக்குத் தெரிஞ்சவளே இல்லையே..."

"இல்ல. காபி ஆறறதுக்குள்ள எழுந்து போயிட்டேனே, அவ்வளவுதான் பழக்கம்."

"அப்புறம் என்னன்னு சொன்னீங்க?"

அந்த நெட்டை மனிதன் ஹெல்மெட்டைக் கையில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தான். "வேண்டியவங்கன்னுதான் சொன்னேன்... அவங்க என்ன பதில் சொன்னாலும் எனக்குச் சரியாத்தான் படும்னு சொன்னேன். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. இஷ்டமில்லைன்னா இதோட விட்டுடறேன்... ஆனா வேலைய விட்டுடாதீங்க."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேலை அவளுடையதுதான்... அப்பா அம்மா எங்கும் போக வேண்டாம்... அவள் கேட்டுக்கொண்டதற்கு மேலேயே ஒருவன் அவள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். இவனைப் பிடிக்காமல் எப்படி இருக்க முடியும்?

"திங்கக்கிழமை சேர்றேன்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு... நீங்க போடற டிராயிங் எதையும் செக் பண்ணச் சொல்லி என்கிட்ட அனுப்பாதீங்க."

அவன் முகம் வாடிவிட்டது. "ஏங்க, அவ்வளவு கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல..." அவள் கண்கள் தாழ்ந்தன. குரல் மழையைவிட மெல்ல வந்தது. "நானும் எந்திரிச்சுப் போக வேண்டியிருக்கும்."