நாலு மணி ஈரம்

உள்கொடியில் காய்ந்துகொண்டிருந்த கோணிச்சாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. நேற்று இல்லை. வாசற்படியில் மகள் நிற்கிற சாக்கு அது. பதினைந்து நாளாகத் தினமும் நனைகிறது, தினமும் காய்கிறது.

"எலி கடிச்சிருக்கும்," என்றாள் மனைவி மருதம்மாள்.

குழந்தைவேலு தலையாட்டப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டான். இப்போதெல்லாம் அவன் எதற்கும் தலையாட்டுவதில்லை.

மகள் ராக்காயிக்கு எட்டு வயது. பேச்சு இல்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். ரப்பர் பால் பிடிக்கிற மங்குகளை வாசலில் வரிசையாக அடுக்குவாள். ஒரு மங்கு நகர்ந்தால் லயத்து வீடுகளே அதிரக் கத்துவாள். ஆனால் மூன்று வயதுக்குப் பிறகு ஒருநாளும் பாவாடையை நனைத்ததில்லை. கக்கூசுக்குப் போகிற நேரத்தைத் தோட்டத்துச் சங்கே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அவன் பீற்றிக்கொண்டதுண்டு. பீற்றிக்கொள்ள அவனிடம் வேறென்ன இருந்தது, பிரேக் இல்லாத ஒரு சைக்கிளைத் தவிர?

இப்போது மாலை நாலு மணி அடித்தால், வாசற்படியில் நின்றபடியே போய்விடுகிறாள்.

"என்னா வேலு அண்ணே, ஒங்க வீட்டுல மட்டும் கொழா நாலு மணிக்கு டாண்ணு தொறக்குதாமே? எங்க லயத்துக்கும் ஒரு லைன் இழுத்து விடுங்கலா!" என்றான் நடராஜா, ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் குழந்தைவேலுதான். அன்று வீட்டுக்கு வந்து அவளை அடித்தான். அவள் அழவில்லை; அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதது அவன், கக்கூசுக்குப் பின்னால் போய்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சோதித்துப் பார்த்தார். "ஒண்ணுக்குல கோளாறு இல்லப்பா. புள்ள எதையோ பாத்திருக்கு. என்னிக்குலேருந்து இப்படி?"

"தெரியலீங்கய்யா."

தெரியும். லாரி வந்த நாளிலிருந்து.

லாரி வருவதற்கு முந்தின நாள், வேலிக்கு வெளியே ராக்காயியின் துண்டில் முடிந்த ஒரு பிடி அரிசி கிடந்தது. அணிலுக்கு அவள் கம்பி இடுக்கு வழியாகத் தினமும் போடுவது. அவசரகாலத்தில் அணிலை யார் நம்புவார்கள்? காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போகிற அரிசி என்றார்கள் ஜீப்பில் வந்த போலீஸ்காரர்கள். நீ இல்லையென்றால் வேறு யார்? ஆளைக் காட்டிக் கொடு; வாயைத் திறக்க வேண்டாம், ஒரு தலையாட்டல் போதும்.

பல் பிடுங்கப் பீடோங் டவுனுக்குப் போவதாக மருதம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனான். மாலை நாலு மணிக்கு, தலையில் சாக்கோடு, கண்ணுக்கு இரண்டு ஓட்டையோடு, லாரியின் பின்பலகையில் கால் தொங்க உட்கார்ந்திருந்தான். தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக அவன்முன் நின்று போனார்கள். பக்கத்து வீட்டு ராமையா வந்தார். தனிக்கட்டை. இடது காலில் சுண்டுவிரல் இல்லாமல் அந்தக் காலை இழுத்து நடப்பவர். விரல் இல்லாத அந்த இடத்தை ராக்காயி தொட்டுத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பவர். அழ ஆளில்லாதவர் என்றுதான் குழந்தைவேலு அவரைத் தேர்ந்தெடுத்தான்.

சாக்கு ஒருமுறை ஆடியது.

அதே நொடியில் அவன் கைலி நனைந்தது. பலகையிலிருந்து சொட்டியதைப் பார்த்த யாரோ, ரேடியேட்டர் ஒழுகுது என்றார்கள். அவனுக்குக் கிடைத்ததிலேயே கௌரவமான பட்டம் அதுதான். மூன்றாம் நாள், பிடித்துக்கொண்டு போன ராமையா தப்பி ஓடினார், சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சாக்குக்குள் இருந்தவன் யாரென்று யாருக்கும் தெரியாது. லாரிக்குப் பின்னால் குந்தி, சொட்டிய ஈரத்தையும் தொங்கிய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியைத் தவிர.

இன்று மருதம்மாள் கடைக்குப் போயிருந்தாள். ஜெராய் மலையை மறைத்துக்கொண்டு வந்த மழை, மூன்றரை மணிக்கே ரப்பர் மரங்களுக்கிடையில் இருட்டை இறக்கிவிட்டு, தகரக்கூரையில் காது அடைக்கக் கொட்டி, ஒட்டுப்பாலின் புளித்த வாடையை வீட்டுக்குள் தள்ளிவிட்டுச் சட்டென்று நின்றது. தவளைகூடக் கத்தவில்லை. குழந்தைவேலு வாசற்படியில் நின்ற மகளுக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றான்.

ஆபீஸ் மணி நாலு அடித்தது.

பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் விலகியது.

நடை. ஈரக்கால் சிமெண்டில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒரு கால் அழுத்தி. ஒரு கால் இழுத்து.

வாசலில் நின்றது. யாரும் இல்லை.

ராக்காயி குனிந்தாள். படிக்கு வெளியே, வெறும் காற்றில், ஒரு விரலை நீட்டி எதையோ தொட்டாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் காலடியில் ஈரம் பரவியது.

ஈரத்துக்குள் ஒரு தடம். நாலு விரல்.

இன்னொரு தடம். படிக்கு உள்ளே.

"ராக்காயி... அப்பாகிட்ட வாம்மா. வா தாயி."

வரவில்லை. கொடியிலிருந்து சாக்கை இழுத்தாள். தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சுவரோரப் படுக்கைப் பலகையில் ஏறி, முதுகு நேராக, கால் தொங்க உட்கார்ந்தாள். சாக்கின் இரண்டு ஓட்டைகளும் அவன் பக்கம் திரும்பின. எட்டு வருடத்தில் முதல்முறையாக, அவள் கண்கள் அவன் முகத்தைப் பார்த்தன.

தடங்கள் வீட்டு நடுவில் நின்றன. அவளைப் பார்த்தபடி. காத்திருந்தன.

அவன் தொடையில் சூடாக இறங்கியது. ரேடியேட்டர் என்று சொல்ல இங்கே ஆளில்லை.

சாக்கு ஒருமுறை ஆடியது.

நாலு விரல் தடம் மெல்ல அவன் பக்கம் திரும்பியது.