காலி அரங்கில் கைதட்டல்

செவ்வாய்க் கோளில் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை வந்தால் வீட்டில் சத்தமே இருக்காது. தலைக்குள் பதித்திருக்கும் மின்சில்லு வழியாக ஒருவரையொருவர் அடைத்துவிடுவார்கள். அதன்பிறகு அடைபட்டவர் நேரிலும் திரையிலும் தெரியமாட்டார், பேசினாலும் கேட்காது. நடைவழியில் முட்டிக்கொள்ளாமலிருக்கச் சின்னதாக ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான். நாகரிகம் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது.

காற்று நிலைய வேலையை விட்டுவிட்டுக் கபடி ஆடப்போகிறேன் என்றாள் நறுமுகை. அப்பா திருவரங்கன் கத்தினார். இருவரும் அடைத்துக்கொண்டார்கள். ஏழு மாதமாயிற்று.

அவளுக்கிருந்த ஒரே நம்பிக்கை அணித்தேர்வு விழா. தலைநகர அரங்குக்குள் விழாவுக்கு நுழைந்தால் எல்லா அடைப்பும் தானாகத் திறந்துகொள்ளும்; கபடிச் சங்கத்தின் விதி அப்படி. முதலில் இறங்கி வந்தது யார் என்ற பேச்சே எழாது. இடமும் நாளும் அச்சிட்ட இருக்கைச் சீட்டு ஒன்றை அப்பாவுக்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மறுநாள் அது அங்கே இல்லை. எடுத்துக்கொண்டாரா, குப்பையில் போட்டாரா, தெரியவில்லை.

போன வாரம் அரங்கின் உயிர்வளிக் குழாய் வெடித்துவிட்டது. விழா தொலைவழியில் நடக்கும், அவரவர் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம் என்று சங்கம் அறிவித்தது. கோள் முழுக்கப் பரவிய செய்தி, அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். பாவம், அன்று முழுக்க அழுதாள்.

விழா நாளில் கூடத்தில் தனியாகத் திரைமுன் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக மணிகூட அடிக்கவில்லை. மனிதர் அறையைவிட்டே வரவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டாள். பழக்கதோஷத்தில் சங்கம் அவ்வப்போது காலி அரங்கையும் காட்டிக்கொண்டிருந்தது.

"மூன்றாவது தேர்வு, நறுமுகை!"

அரங்கத் திரையில் அவள் முகம் பெரிதாக வந்தது. தொகுப்பாளர் சிரித்துவிட்டார். "யாருங்க அது? ஆளில்லாத அரங்குல, காற்றுக்கவசம் போட்டுக்கிட்டு, ஒருத்தர் எழுந்து நின்னு கை தட்டறாரே!"

கோளே சிரித்தது. நறுமுகைக்கு மட்டும் வெறும் நாற்காலிகள்தான் தெரிந்தன. ஒரு நொடிதான். காதுக்குப் பின்னால் அழுத்தி அடைப்பைத் திறந்தாள். முன்வரிசையில் அப்பா!

"அப்பா, விழாவை வீட்டுக்கு மாத்திட்டாங்கப்பா! அரங்கு வாசல்ல அறிவிப்பு இருந்திருக்குமே, பாக்கலையா?"

"வெறும் பலகைதாம்மா தெரிஞ்சுது." கவசத்துக்குள் அவர் முகம் அசடு வழிந்தது. "கபடிச் சேதி எதுவும் வரக்கூடாதுன்னு அதையும் சில்லுல அடைச்சு வச்சிருந்தேன். எடுக்க மறந்துட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னை எப்பப்பா திறந்தீங்க?"

"உன்னையா? சண்டை போட்ட அன்னிக்குச் சாயங்காலமே. தினமும் உன் எதிர்லதானேம்மா உட்கார்ந்து சாப்பிட்டேன்."