ஓடாத மணி

அஃபி அன்ரியின் பாட்டில் பாதி காணாமல் போயிருந்தது. யாரும் திருடவில்லை. பாட ஆளில்லை, அவ்வளவுதான்!

1976. சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் சிறுமி கல்யாணியின் எதிர்வீட்டில் இருந்தார் அன்ரி. கானா நாட்டு ஏவே இனத்தவர். ஊர்க் கோயிலுக்குப் புதுப்பாட்டு ஒன்று கட்டித் தருவதாக நேர்த்தி வைத்திருந்தார். அதைக் கசெட்டில் பதிந்து, இன்று ஊருக்குப் பறக்கும் நண்பரிடம் கொடுக்க வேண்டும்.

"நான் ஒரு வரி பாடினால், கூட்டம் வேறொரு வரியில் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு எங்கே போவேன்?"

"எங்கள் வீட்டில் இருக்கிறதே!" என்றாள் கல்யாணி. "இன்று வெள்ளிக்கிழமை பஜனை. ஆனால் உங்கள் கோயில் பாட்டை நாங்கள் பாடலாமா?"

"சில பாட்டுகள் கோயிலைத் தாண்டாது. இது எல்லோருக்குமானது."

பஜனைக் கூட்டம் கடலைச் சுண்டலோடு வந்து இறங்கியது. அன்ரி பதில் வரியைச் சொல்லிக்கொடுத்தார். அவர் கணவர் முரசைப் பிடித்தார். கல்யாணியின் கையில் இரட்டை இரும்பு மணி.

"எல்லோருக்கும் வழிகாட்டி இதுதான். மாறவே கூடாது," என்றார் அன்ரி.

ஆனால் பஜனைக்கு வந்த அரியரத்தினம் அங்கிளின் கைத்தாளம் மாட்டுவண்டியாகப் புறப்பட்டு ஜெட் விமானமாக முடியும்! அதன் பின்னால் மணி ஓடியது. முரசு தடுக்கி விழுந்தது.

"இதென்ன, பாட்டோ, பரமட்டா ரெயிலோ?" என்று மூச்சிரைத்தார் கூட்டத்திலிருந்த பத்மா அன்ரி.

"பஜனை எண்டா வேகம் ஏறத்தானே வேணும்!" என்றார் அங்கிள்.

வெளியே நண்பரின் கார் ஹாரன் அடித்தது. அஃபி அன்ரியின் முகம் வாடியது. இன்னும் ஒரு தடவை பாடத்தான் நேரம்.

கல்யாணி அஃபி அன்ரியின் சுரைக்குடுக்கைக் கிலுக்கை எடுத்தாள்.

"அங்கிள், நானும் உங்களோட ஓடிட்டன். தாளத்தை வைச்சிட்டு இதைப் பிடியுங்கோ. என்ர மணியோட சேர்ந்து தட்டுங்கோ. நீங்கள் பக்கத்தில இருந்தால் எனக்குப் பயமில்லை."

அங்கிளின் நெஞ்சு பூரிப்பில் இரண்டடி முன்னால் வந்தது. "ஓம், பிள்ளை!"

மீண்டும் பாட்டு. அங்கிளின் புருவம் ஓடியது, கால் குதிரையாகப் பாய்ந்தது. மணி மட்டும் அசையவில்லை. கிலுக்கு முனகிக்கொண்டே அதன் வழிக்கு வந்தது. அன்ரி வரி தொடுக்க, கூட்டம் பதில் சொல்ல, கூரை ஓடுகள் எழும்பி ஆடின! நீலமலைக் கங்காருகள்கூடக் கால் தட்டியதாகக் கேள்வி. ஹாரன் அடித்த நண்பரும் உள்ளே வந்து பதில் பாடினார்.

கசெட் பறந்தது.

சில மாதங்களில் கானாவிலிருந்து பதில் கசெட் வந்தது. அதில் ஊர்க் கோயிலே திரண்டு அன்ரியின் பாட்டைப் பாடியது. மணி மலைபோல் நின்றது. அன்ரி கல்யாணியைத் தூக்கிச் சுழற்றினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அரியரத்தினம் அங்கிள். "கிலுக்குத்தான் என்ர அளவுக்கு வராது!"