இருபத்தாறு டிகிரி

சகாயராஜ் ஆத்தூர் அணைக்கரையில் காரை நிறுத்தியபோது ராத்திரி மணி பத்து. ஏசி போட்டுத் தூங்குவதற்காக மச்சான் ஜெரோமிடம் இரவல் வாங்கிய எலெக்ட்ரிக் கார். சகாயராஜுக்குச் சொந்தமென்று இருந்ததெல்லாம் ஒரு விசிலும், திண்டுக்கல்–வத்தலக்குண்டு பஸ்ஸில் பன்னிரண்டு வருஷக் கண்டக்டர் வேலையும்தான். தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. எட்டு மாதப் பாப்பா வியர்த்து வியர்த்து அழுதாள். அவளுக்குக் குளிரும் ஆகாது. போன மாதம்தான் நெஞ்சுச் சளிக்கு நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்த பிள்ளை.

"ஏசிய இருபத்தாறுல வையுங்க. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்" என்றாள் மனைவி சத்யபிரியா, பின் சீட்டில் பாப்பாவை அணைத்துப் படுத்தபடி.

டிரைவர் சீட்டில் கனம் இல்லாவிட்டால் அரைமணியில் ஏசி நின்றுவிடும் என்று ஜெரோம் எச்சரித்திருந்தான். கால் நீட்டிப் படுக்க இடது சீட்டுதான் வசதி. ஆகவே சகாயராஜ் தண்ணீர் கேனை டிரைவர் சீட்டில் ஏற்றி, பஸ் பழக்கத்தில் அதன்மேல் துண்டையும் போட்டான்.

"யாருக்கு எடம் புடிக்கிறீக?"

"வாரவுக ஒக்காரட்டும்" என்று சிரித்தான். தவளை தன் வாயால் கெடும்.

நடுராத்திரியில் குளிரில் பல் கிட்டி விழித்தான். திரையில் பதினாறு. இருபத்தாறுக்கு ஏற்றினான். விரலை எடுத்ததும் இருபது, பதினெட்டு, பதினாறு.

அணைச் சேற்றின் வாடை அடித்தது. கண்ணாடியெல்லாம் மூடித்தான் இருந்தது.

பின்னால் பாப்பா இருமினாள்.

கேன் கீழே, பெடல் பக்கம் நின்றது.

ஆனால் சீட் அமுங்கியிருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஏசி இன்னும் ஏன் நிற்கவில்லை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

பாப்பா மறுபடி இருமினாள், இழுப்போடு. பிள்ளையை ஊர் சேர்க்க அந்த சீட் வேண்டும். பயத்தில் மூளை நின்றுபோக, நாக்கு மட்டும் தொழில் பழக்கத்தில் தானாகப் பேசியது.

"அண்ணே... செத்த எந்திரிங்க. பின்னால எடம் இருக்கு, உள்ள போங்க."

சீட்டின் மெத்தை மெல்ல மேலெழும்பியது.

திரையில் இருபத்தாறு.

கேனைத் தள்ளிவிட்டு ஈர சீட்டில் தாவி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். செம்பட்டி விளக்குகளைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இருமலும் நின்றிருந்தது. பிள்ளை பிழைத்தாள், மாதாவே என்று அழுதேவிட்டான்.

"ஏங்க" என்றாள் சத்யபிரியா தூக்கக் கலக்கத்தில். "பாப்பாவைக் குடுங்க, பால் குடிக்கட்டும்."

"நான் வண்டில்ல ஓட்டுறேன். எங்கிட்ட ஏது பாப்பா?"

"அப்ப இருட்டுக்குள்ள எங்கிட்டருந்து வாங்கினது யாரு?"

பஸ்ஸில் அவன் தினமும் பார்ப்பதுதான். உட்கார இடம் கிடைத்தவர், பக்கத்தில் நிற்பவளின் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்.

கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான்.

சத்யபிரியா ஒரு ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். மறு ஜன்னலோரம், சீட்டுக்கு அரை முழம் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். யாரோ தட்டிக்கொடுப்பதுபோல் அவள் முதுகுச் சட்டை அமுங்கி அமுங்கி எழுந்தது.

பாப்பா சிரித்தாள்.