ஈக்கள் ஒதுங்கிய இடம்

பழ ஈக்கள் பழத்தை அண்டவில்லை.

வலைக்கூண்டின் நடுவே, மரத்தடியில், அவள் காலையில் வைத்த பழக்கூழ் புளித்து நுரைத்து மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது; ஈக்களோ சின்ன ரீங்காரம்கூட இல்லாமல், கூரை மூலையில் கரித்துணி மாதிரி அப்பிக் கிடந்தன.

கோடையில் அவை ஒரு மாதிரி, குளிரில் இன்னொரு மாதிரி. குளிர் தாங்காதவை செத்துப்போக, தாங்குபவற்றின் மரபணு சில வாரங்களிலேயே பெருகிவிடும். வெயில் வந்தால் பழையபடி குறையும். அந்த ஊசலாட்டத்தைத்தான் ஆராய்ச்சிக்காரியான அவள் எட்டு வருடங்களாகத் துரத்திக்கொண்டிருந்தாள். குருவி, பல்லி எதுவும் இந்த வலைக்குள் நுழைய முடியாது. இங்கே கொல்வது பருவம் மட்டும்தான்.

ஆய்வகத்திலிருந்து தங்கை ஓடிவந்தாள். ஈக்களின் மரபணுவைப் படித்துச் சொல்வது அவள் வேலை.

"அக்கா, இது குளிருக்கான மாற்றமே இல்ல. காத்து லேசா அசைஞ்சாலே உஷாராகுற மரபணுதான் எக்கச்சக்கமா கூடியிருக்கு. அது இல்லாத ஈ ஒண்ணுகூட மிஞ்சல."

"அதனால?"

"எது கொல்லுதோ அதுக்குத் தப்பிக்கத்தானே மாறும்? உள்ள ஏதோ இருக்குக்கா. கூண்டைக் கொளுத்திடலாம்."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எட்டு வருஷ உழைப்புடி. கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்குத் தாரை வார்க்கச் சொல்றியா? இது என் கூண்டு. போகணும்னா அது போகட்டும்."

உள்ளே போய்த் தாழிட்டாள். ஈரமண்ணும் புளிப்பும் கலந்த வாடை. வலைக்கண்களில் சிதறிய சாயங்கால வெளிச்சம் மரத்தடியில் மங்கிக்கொண்டே வந்தது. கூரையை ஓங்கித் தட்டினாள். ஈக்கள் கிளம்பின; கூண்டு முழுக்கக் கரும்புகை போலச் சுழன்றன. அவளைச் சுற்றி மட்டும் ஆளளவுக்கு இடம் விட்டன.

மரத்தடியிலும் விட்டன.

அங்கே யாருமில்லை. தலை, தோள்கள், நீண்ட கைகள். எல்லாம் ஈக்கள் விட்ட வெறும் இடைவெளி. அவளைவிட உயரம்.

அது நகர்ந்தது. சருகுகூட நொறுங்கவில்லை.

"அக்கா, வெளிய வா!" வலைக்கு அந்தப் பக்கம் தங்கை அலறினாள்.

அவள் நகரவில்லை.

"என்ன பாக்கற? வா!" என்று அந்த இடைவெளியை அதட்டினாள்.

வந்தது. இரண்டு இடைவெளிகளும் ஒன்றாயின. ஓங்கிக் குத்தினாள். கை பாதியில் நின்றது.

வெதுவெதுப்பு.

ஏதோ அவள் மடக்கிய விரல்களை நிதானமாக, ஒவ்வொன்றாகப் பிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மடக்கினாள். அது மறுபடி பிரிக்கத் தொடங்கியது. சுண்டுவிரலிலிருந்து.