வலப்பக்கம் சுழன்ற மரணம்

ஆகஸ்ட் 6, 2025. புதன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாரிக்கண்ணன் செத்துப்போன மோட்டார் ரூமுக்கு இன்ஸ்பெக்டர் என்னை அழைத்துப் போனார். இன்ஜினிலிருந்து நாசிலைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். டீசல் வலப்பக்கம் சுழலும் என்று சொல்லிவிட்டேன். இடப்பக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும். கண் கலங்கியிருந்தது. மாற்றிப் பார்த்திருப்பேன். நாளை போய்த் திருத்த வேண்டும்.

சுகப்பிரியா டைரியை மூடினாள்.

தன்மேல் அவளுக்கு எப்போதும் சந்தேகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். பகலில் அருப்புக்கோட்டையில் ராஜகுருவின் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் வேலை. மாலையில் டிப்ளமோ வகுப்பு.

அங்கேதான் மாரிக்கண்ணன் கிடைத்தான்.

பரளச்சிக்காரன். பக்கத்து பெஞ்சு. கிணற்று டீசல் இன்ஜினுக்குப் புதுசாய் ஒரு நாசில் செய்கிறேன் என்று திரிந்தவன். நாசில் என்றால் சுண்டுவிரல் நுனி அளவு இரும்பு. இன்ஜினுக்குள் டீசலைத் தூவுவது அதன் வேலை. அதன் உள்ளே சாய்வாக நாலு வரி வெட்டினான் மாரி. டீசல் பம்பரம் போலச் சுழன்று, பூவாய் விரிந்து இறங்கியது. இன்ஜின் புகையே இல்லாமல் ஓடியது.

தை மாதம் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள்.

தை வரும். மாரி வரமாட்டான்.

அழுது அழுது முகம் வீங்கியிருந்தவளுக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை...

அவள் செய்தது தவறே இல்லை!

மறுநாள் காலை. இன்ஸ்பெக்டர் துர்காதேவி அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"என்னம்மா திருத்தணும்?"

"நேத்து வலப்பக்கம்னு சொல்லிட்டேன் மேடம். மாரி செஞ்ச நாசில் இடப்பக்கம்தான் சுத்தும்."

"எந்தப் பக்கம் சுத்துனா என்னம்மா? புகைதான் கொன்னிருக்கு. டாக்டர் எழுதிட்டாரு. பையன் புதுசா ஒண்ணு செஞ்சான். அது புகையாக் கக்குச்சு. கதவு சாத்தியிருந்துச்சு. முடிஞ்சுச்சு."

"அவன் கதவச் சாத்திட்டு இன்ஜின் ஓட்ட மாட்டான் மேடம்."

"சாத்தித்தானே இருந்துச்சு?"

"மாட்டுற வரைக்கும் சாத்துவான். ஆடிக் காத்து, புழுதி. ஒரு மண்ணு உள்ள போனாலும் நாசில் அடைச்சுக்கும். இன்ஜின் ஓடுனதும் மொத வேலையா கதவத் தெறப்பான். புகைக்குழாய மொதல்லயே கழட்டி வச்சிருப்பான், அந்த எடத்துல வெள்ளத் துணியப் புடிச்சுப் பாப்பான், கரி ஒட்டுதான்னு. எப்பவும் துணி வெள்ளையாத்தான் இருக்கும்."

"அன்னிக்குக் கறுப்பா இருந்துச்சே."

சுகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்தாளே... அவன் கைக்குள் சுருண்டு கிடந்த துணியை. அவன் மூக்கைச் சுற்றியும் அதே கறுப்பு.

"கதவுக்கு வெளிய கொண்டி போட்டிருந்துச்சுன்னு அவுக அம்மா சொன்னாக மேடம்."

"அந்தக் கொண்டி காத்துக்குத் தானா விழும்னு ஊரே சொல்லுது." துர்காதேவி அவள் முகத்தைப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் கிடந்த நாசிலை எடுத்தார். "சரி. ஒன் மனசு ஆறட்டும். இத எங்க வச்சுச் சோதிக்கலாம்?"

ராஜகுருவின் கடை.

நாசிலைச் சோதிக்க அங்கே ஒரு கைப்பம்ப் உண்டு. முனையில் நாசிலை மாட்டி லீவரை அழுத்தினால், டீசல் எப்படித் தூவுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

சுகப்பிரியா மாட்டினாள். நாசிலுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். நின்றாள்.

அழுத்தினாள்.

ஸ்ஸ்ஸ்...

குடை விரிந்தது போல டீசல் விரிந்தது. சுழன்றது.

வலப்பக்கம்!

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வலப்பக்கம்.

"மேடம்... நேத்துச் சொன்னதுதான் சரி. இது மாரி செஞ்ச நாசில் இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"அந்த இன்ஜினுக்குள்ள காத்து இடப்பக்கம் சுத்தும். டீசலும் கூடச் சேந்து சுத்துனா நல்லாக் கலந்து முழுசா எரியும். எதுத்தாப்புல சுத்துனா ரெண்டும் முட்டிக்கும். பாதிதான் எரியும். மிச்சம் பூராக் கரும்புகை. இதக் கண்டுபிடிக்கவே அவன் ஒரு வருசம் மெனக்கெட்டான். அவனா மாத்தி வெட்டுவான்?"

துர்காதேவியின் நெற்றி சுருங்கியது.

"அப்ப எவனோ மாத்தி வச்சிருக்கான்." மெல்ல ராஜகுரு பக்கம் திரும்பினார். "அந்த டிசைன நீங்க கேட்டீங்களாமே?"

"கேட்டேன். தரல."

"கோவம் வந்திருக்குமே?"

"கேட்டதெல்லாம் குத்தம்னா, பொண்ணு கேட்டு அலைஞ்ச காலத்துலயே என்னைய உள்ள வச்சிருக்கணும் மேடம்." ராஜகுரு கையைத் துடைத்துக்கொண்டு, நாசிலைப் பிரித்து லென்ஸில் பார்த்தார். "என்கிட்ட இருக்கறது ஸ்பானரு. இது கையால குடைஞ்சதில்ல, இதுக்கு லேத்துப் பட்டறை வேணும். அம்மாடி... நாலு வரியும் நூல் பிசகாம ஓடுது. இதச் செஞ்சவன் கெட்டிக்காரன்."

லேத்துப் பட்டறை...

சுகப்பிரியா லீவரிலிருந்து கையை எடுத்தாள்.

"மாடல் பாக்காம செய்ய முடியுமா?" என்றார் துர்காதேவி.

"வழியே இல்ல."

"மாடல் எங்கம்மா இருக்கு?"

"சாயங்கால கிளாஸ்ல மேடம். பத்து மடங்கு பெருசா, உள்ள இருக்கற வரி தெரியற மாதிரி பிளாஸ்டிக்ல செஞ்சு வச்சிருக்கோம். சார் பீரோவுல பூட்டி வச்சிருக்காரு."

"போட்டோ கீட்டோ எடுத்தீங்களா?"

வாயைத் திறந்தவள்... மூடினாள்.

"இல்ல மேடம்."

பொய்!

கடையின் பின்பக்கம் போய், பழைய பம்புகளின் குவியலுக்கு நடுவே நின்று போனைத் திறந்தாள்.

படம் வந்தது.

மாடல் செய்து முடித்த நாள். அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அவளே எடுத்த செல்ஃபி. 'என்னையவிட நாசிலுக்குத்தான் முகக்களை ஜாஸ்தி' என்று அவள் சிணுங்கியதும், 'நாசில் எதுத்துப் பேசாதுல்ல' என்று மாரி சொன்னதும் நினைவுக்கு வந்தன. அழக்கூடாது. இப்போது அழக்கூடாது...

படத்தில் மூக்குத்தி இடது மூக்கில் இருந்தது.

அவள் குத்தியிருப்பது வலது மூக்கில்!

அவளுடைய போன் அப்படித்தான். முன்பக்க கேமராவில் எடுத்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகிவிடும். மூக்குத்தி மாறினால் மாடலின் வரிகளும் மாறியிருக்கும். மாறியிருந்தன. இந்தப் படத்தைப் பார்த்து யாராவது நாசில் செய்தால், அது வலப்பக்கம்தான் சுழலும்.

இதை அவள் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பியிருந்தாள். 'எங்க நாசில்! நெசத்துல இதுல பத்துல ஒரு பங்குதான் இருக்கும்' என்று எழுதி.

பெயரைப் பார்த்தாள்.

ராம்குமார். பாளையம்பட்டியில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவன்.

அவளுடைய சொந்த அண்ணன்!

கையிலேயே போன் அலறியது. மாரியின் அம்மா ராக்கம்மாள்.

"தாயி... போலீஸ்ல என்ன சொன்னாக?"

"பாத்துக்கிட்டு இருக்காக அத்தை."

"ஊர்ல ஒரு மாதிரியாப் பேசுறாக. அவன் செஞ்ச சாமானே அவனக் கொன்னுருச்சாம். எழவுக்கு வந்துட்டு வாசல்ல நின்னு சிரிக்கிறாக தாயி. சோத்தப் போட்டு வச்சா ஆறிப்போயிக் கெடக்கும், அவன் அந்த இரும்பக் குடைஞ்சுக்கிட்டே இருப்பான். நீ படிச்ச புள்ள, நீ சொல்லு. எம்புள்ள செஞ்சது அம்புட்டு மோசமா?"

"இல்ல அத்தை."

"பெறகு எப்படிச் செத்தான்?"

சுகப்பிரியா போனைக் காதில் வைத்தபடியே பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

"சாயங்காலம் சொல்றேன் அத்தை."

சொன்னால் அண்ணன் ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் மாரி, தன் சாவைத் தானே உட்கார்ந்து செதுக்கிய கிறுக்கனாக ஊர் வாயில் கிடப்பான்.

டவுன் பஸ் வந்தது. ஏறினாள்.

பட்டறையில் லேத்து ஓடவில்லை. ராம்குமார் ஸ்டூலில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"சாப்ட்டியா?" என்றான்.

அவள் போனை நீட்டினாள்.

"இதப் பாத்துத்தானே செஞ்ச?"

ராம்குமார் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"யாரு சொன்னா?"

"நாசில் வலப்பக்கம் சுத்துதுண்ணே. மாரியோடது இடப்பக்கம்."

"படத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே வெட்டுனேன். ஒரு நூல் பிசகல."

"படமே இடம் வலமா மாறிக் கெடக்கு. இங்க பாரு." தன் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு படத்தைக் காட்டினாள்.

ராம்குமார் அவள் மூக்கைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி அவள் மூக்கைப் பார்த்தான்... முகம் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்தது.

"அதானா அம்புட்டுப் புகை..."

"ஏண்ணே செஞ்ச? அவன்மேல ஒனக்கு என்ன பகை?"

"பகையா?" சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அவன் எனக்கு மாப்ள பிரியா."

"மாப்ளையையா கொன்ன?"

"கொல்லணும்னு போகல! 'இதே மாதிரி இன்னும் நாசில் வேணும்னா கோயம்புத்தூர்லதான் மச்சான் செய்யணும், ஒங்க லேத்துல வண்டிக்கு அச்சாணிதான் வரும்'னு சொன்னான். கேலிதான். நானும் சேந்துதான் சிரிச்சேன். அப்புறம் மனசு கேக்கல. உக்காந்து ஒண்ணு வெட்டுனேன். அன்னிக்கு மோட்டார் ரூமுக்குப் போனேன், அவன் நாசிலக் கழட்டித் தொடச்சு வச்சிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். அத எடுத்துட்டு என்னோடத வச்சேன். வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான். அவன் மாட்டி ஓட்டட்டும், நல்லாருக்குன்னு அவன் வாயால சொல்லட்டும்... அப்ப, ஏலே மாப்ள, இது ஒங்க மச்சான் பட்டறைல செஞ்சதுடான்னு..."

"கொண்டி ஏன் போட்ட?"

"வம்புக்குத்தான். உள்ள கெடந்து கத்தட்டும், செத்த நேரம் கழிச்சுத் தெறந்துவிட்டுச் சிரிக்கலாம்னு. அந்நேரம் பாத்து போன் வந்துச்சு. இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ரோட்டுப் பக்கம் போயிப் பேசிக்கிட்டு நின்னுட்டேன்."

"அவன் கதவத் தட்டியிருப்பானேண்ணே."

"இன்ஜின் சத்தம் பிரியா..."

ராம்குமார் ஓடாத லேத்தின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"திரும்பி வந்து தெறந்தேன். ஒரே புகை. கண்ணு தெரியல. இன்ஜின நிப்பாட்டுனேன். நிப்பாட்டுற லீவரப் புடிக்க வந்தவன் எட்டாமலே கீழ கெடந்தான்."

அழுதுகொண்டிருந்த சுகப்பிரியா நிமிர்ந்தாள்.

"தெறந்தியா?"

"ம்."

"அவுக அம்மா வந்தப்ப கொண்டி போட்டிருந்துச்சே?"

ராம்குமார் தரையைப் பார்த்தான்.

"மறுபடி போட்டியா?"

"பயந்துட்டேன்."

"அண்ணே... நீ போடும்போது அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

வெளியே காற்று தகரக் கூரையைப் பிறாண்டியது.

"கேக்கறேன்ல. உசுரு இருந்துச்சா?"

"பாக்கல."

அவ்வளவுதான் சொன்னான்.

முதல் தடவை போட்ட கொண்டி மச்சான் மாப்பிள்ளைக்குச் செய்த கேலி. இரண்டாவது தடவை போட்டது..?

சுகப்பிரியா போனை எடுத்தாள். எண்ணை அழுத்த நேரமாயிற்று. திரை கலங்கிக் கலங்கித் தெரிந்தது. ராம்குமார் தடுக்கவில்லை.

"மேடம்... காலைல ஒரு பொய் சொன்னேன். போட்டோ இருக்கு. பாளையம்பட்டிக்கு வாங்க."

வைத்தாள். ராம்குமார் எழுந்து மர டிராயரை இழுத்தான். பழைய பனியன் துணியில் சுற்றியிருந்த நாசிலை அவள் உள்ளங்கையில் வைத்தான். மாரியின் நாசில்.

"தூக்கிப் போட மனசு வரல," என்றான். "நல்ல வேலை. எனக்குத் தெரியும்ல."

அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள். வேறு யாருடைய தோள் இருக்கிறது அவளுக்கு?

ஜீப் வந்தது. துர்காதேவி எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். ராம்குமார் சட்டையை மாட்டி, பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான்.

"தங்கச்சி போன் பண்ணும்போது ஓடிப் போகணும்னு தோணலையாப்பா?"

"எங்கிட்டு ஓட மேடம்? அந்தப் புள்ளயச் சாயங்கால கிளாஸ்ல சேத்துவிட்டதே நான்தான்." ராம்குமார் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். "கட்டுன பீஸு வீணாப் போகல."

ஆகஸ்ட் 7, 2025. வியாழன்.

மாரியின் நாசில் நல்ல நாசில்தான் என்று அத்தையிடம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஊர்க்காரர்கள் முன்னால் அதை ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சொன்னேன். பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் வைத்தேன்.

நாளை: காலையில் கோர்ட்டுக்குப் போய் அண்ணனுக்கு மாற்றுச் சட்டையும் வேட்டியும் கொடுக்க வேண்டும். அங்கிருந்து பரளச்சி பஸ் பிடிக்க வேண்டும். அத்தை தனியாக இருக்கிறார்கள்.